வழக்கும் சொல்லும்: திருவெண்ணெய்நல்லூர் அவையும் கல்வராயன் மலையும்

'வழக்கு' என்னும் சொல் தமிழில் இருபொருள் தந்து நிற்கின்றது. மக்கள் நாவில் வழங்கும் மொழியும் வழக்கு. மன்றத்தில் இருவர் மாறுபட்டு உரைக்கும் உரிமைப்போரும் வழக்கு. முன்னதை இலக்கண நூலாரும் பின்னதை அறநூலாரும் ஆராய்ந்தனர். இரண்டும் ஒரு சொல்லால் குறிக்கப்பட்டமை ஓர் உண்மையை நமக்கு நினைவூட்டுகின்றது. மன்றத்து வழக்கு நாவழக்கினின்று நெடுந்தொலைவு விலகுமாயின், வழக்கில் நிற்பவன் தன் வழக்கையே அறியாதவன் ஆகின்றான்.

ஆங்கில ஆட்சியின் வழியே நம்மிடம் வந்த சட்டச் சொற்களைத் தமிழாக்கும் பணி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்று வருகின்றது. அச்சொல்லாக்கங்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களையே கையாள்வர். சொல் தூயதா என்பது ஒன்று. மூலச்சொல்லுக்கு நேரானதா என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வேண்டுவனவே, ஆயினும் போதியன அல்ல. வழக்கில் நிறுத்தப்பட்டவன் அச்சொல்லைக் கேட்டு, அதன் பொருளை உணர்ந்து, அதற்கு மறுமொழி கூற இயலுமா என்பது மூன்றாவது அளவுகோல். அதுவே தலையாயது என்பது நம் கருத்து. இவ்வளவுகோலைச் சேக்கிழாரிடமிருந்து பெற்று, கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் அண்மையில் எழுந்த வழக்குகளின் சொற்களில் இட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சேக்கிழார் காட்டும் அவை

பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணம் பத்திச் சுவைக்காகப் பயிலப்பெறும் பகுதி. அதனை ஒரு வழக்கின் வரலாறாகவும் பயிலலாம். வழக்கின் களம் நாம் ஆராயப் புகுந்த நிலப்பகுதியே. நம்பியாரூரர் பிறந்த திருநாவலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. வழக்குத் தீர்ந்த திருவெண்ணெய்நல்லூர் அதனை அடுத்துள்ள விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது.

புத்தூரில் மணப்பந்தரில் நின்ற நம்பியை முதியவர் ஒருவர் தடுத்து, அவர் தமக்கு அடிமை என்கின்றார். பாட்டன் எழுதித் தந்த ஆளோலை உண்டு என்கின்றார். நம்பி அவ்வோலையைப் பற்றிக் கிழித்துவிடுகின்றார். வழக்கு வெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கின்றது. அவையத்தார் முதியவரின் தோற்றத்திற்கு அஞ்சவும் இல்லை. நம்பியின் செல்வாக்கிற்குச் சாயவும் இல்லை. அடிமை என்று சொல்பவரே அதனை மெய்ப்பித்தல் வேண்டும் என்று கூறி, ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றைக் காட்டுமாறு கேட்கின்றனர். கிழிபட்டது படியோலை என்றும் மூலவோலை தம்மிடம் உளது என்றும் முதியவர் கூறுகின்றார். ஓலைக்குத் தீங்கு நேராது என அவை உறுதியளித்த பின்னரே அது வெளிவருகின்றது. கரணத்தான் அதனை வாங்கிப் படிக்கின்றான். ஒப்பமிட்ட சான்றோரின் எழுத்து ஆராயப்படுகின்றது. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலை கொணரப்பட்டு, இரண்டன் எழுத்தும் ஒத்துநோக்கப்படுகின்றன. அதன் பின்னரே தீர்ப்பு.

இப்பகுதியில் வரும் சொற்களை நிரல்படுத்திக் காண்போம்: வழக்கு, ஆளோலை, ஆட்சி, ஆவணம், காட்சி, மூலவோலை, படியோலை, கரணத்தான். ஒவ்வொரு சொல்லும் ஒரு பொருளுக்கே உரியது. ஒன்றன் இடத்தில் மற்றொன்று நில்லாது. மூலத்திற்கும் படிக்கும் உள்ள வேறுபாட்டின் மேலேயே வழக்கின் திருப்பம் முழுதும் நிற்கின்றது. அவ்வேறுபாட்டைச் சொற்கள் காட்டாவிடின் கதையே இல்லை. சேக்கிழார் சோழ அரசில் அமைச்சராய் இருந்தவர் என்பர். அலுவற் சொல்லின் அருமை அறிந்த புலவர் அவர் என்பதற்கு இப்பகுதியே சான்று.

ஈண்டு மற்றொன்றும் கருதத்தக்கது. ஆட்சி, ஆவணம், காட்சி என்னும் முப்பகுப்பு வடமொழி அறநூல்கள் கூறும் புக்தி, இலிகிதம், சாட்சி என்னும் முப்பகுப்போடு ஒத்தது. யாஞ்ஞவல்கியம் இம்மூன்றனையும் சான்றின் வகைகளாகக் கூறுகின்றது. எனவே தமிழ், பிறமொழிச் சட்ட மரபொன்றைச் சந்தித்தது ஆங்கிலேயர் காலத்தில் முதன்முறையாக அன்று. முன்னரும் சந்தித்தது, பகுப்பை ஏற்றது, ஒலியை ஏற்கவில்லை. வடமொழிக் கருத்துகளைச் சேக்கிழார் தமிழ்ச் சொல்லால் தந்தார். பகுப்பு மூன்றும் சிதையாமல் தந்தார். நம்பியும் முதியவரும் அவையும் ஒருங்கே உணரும் சொல்லால் தந்தார். சட்டச் சொல்லாக்கத்திற்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேறில்லை.

2. ஆங்கிலச் சட்டம் வந்த பின்னர்

ஆங்கிலேயர் வருமுன் நவாபு ஆட்சியில் பாரசீக, அரபுச் சொற்கள் தமிழக நீதித்துறையில் ஊன்றின. வக்கீல், ஜாமீன், வாய்தா, அமீனா, ஜப்தி என்பன அவ்வழி வந்தவை. கும்பினியார் அவற்றை நீக்காமல், அவற்றின்மேல் ஆங்கிலச் சொற்களை அடுக்கினர். சம்மன், வாரண்டு, அப்பீல், ரிமாண்டு என்பன இரண்டாம் அடுக்கு.

இவ்வடுக்குகளின் கீழ்ப் புதையுண்ட தமிழை மீட்க முதலில் முயன்றவருள் மாயூரம் வேதநாயகம் பிள்ளை குறிப்பிடத்தக்கவர். முன்சீப்பாகப் பணியாற்றிய அவர், 1805 முதல் 1861 வரை வெளிவந்த சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 1862 இல் சித்தாந்த சங்கிரகம் என வெளியிட்டார். அதே 1862 இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் நிறுவப்பெற்றது. தீர்ப்புகள் தமிழில் நூலான ஆண்டும், ஆங்கிலத்தையே மொழியாகக் கொண்ட உயர்மன்றம் எழுந்த ஆண்டும் ஒன்றாயிருத்தல் கருதத்தக்கது. வேதநாயகர் தம் பிரதாப முதலியார் சரித்திரத்திலும், தமிழ்நாட்டு மன்றங்களில் தமிழறியாத மொழியில் வழக்காடும் பொருந்தாமையை எடுத்துரைத்தார். அவர் வாதம் மொழிப்பற்றில் தொடங்கி வழக்காளியின் இழப்பில் முடிகின்றது. அதுவே அதன் வலிமை.

1956 இன் ஆட்சிமொழிச் சட்டமும், கீழ்நிலை மன்றங்களில் தமிழுக்கு வழிசெய்த 1976 இன் திருத்தமும், ஆட்சிச் சொல்லகராதியும் பின்னர் வந்தன. உயர்நீதிமன்றத்தின் மொழி அரசியலமைப்பின் 348 ஆம் உறுப்பின்படி இன்றும் ஆங்கிலமே. உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் எனச் சட்டமன்றம் 2006 இல் நிறைவேற்றிய தீர்மானம் பயன் தரவில்லை. ஆகவே வழக்கொன்று கீழ்மன்றத்திலிருந்து மேல்மன்றம் ஏறுங்கால், மொழியையும் மாற்றிக்கொண்டே ஏறுகின்றது.

3. மலையும் மக்களும்

கல்வராயன் மலை கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலைத்தொடர். 2019 இல் விழுப்புரத்தினின்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. இம்மலையில் வாழும் பழங்குடியினர் 'மலையாளி' எனச் சட்டத்தின் அட்டவணையில் பெயர் பெற்றோர். பெயர் கேரள நாட்டை நினைவூட்டினும் அவர் பேசுவது தமிழே. இது நம் ஆய்விற்கு இன்றியமையாத செய்தி. மொழி வேறாகிய மக்களுக்கு மன்றத்து மொழி விளங்காமை இயல்பு எனலாம். ஈண்டோ மன்றமும் தமிழ் பேசுகின்றது. மலைமக்களும் தமிழ் பேசுகின்றனர். இரண்டு தமிழும் சந்திக்கவில்லை.

இம்மலை நெடுங்காலம் சாகிர்தாரர் மூவர் வழியினரின் ஆளுகையில் இருந்தது. மலைமக்கள் அவர்க்கு ஊதியமின்றி ஏவல் செய்யும் கடப்பாடு வழிவழியாய் நின்றது. 1976 இல் அரசு மலையை நேரே ஏற்றது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான்.

இச்சட்டத்தின் பெயரிலிருந்தே சொல்லாய்வைத் தொடங்குவோம். ஆங்கிலப் பெயரில் உள்ள 'பாண்டு' என்பது பிணிப்பையும், பிணிக்கும் பத்திரத்தையும் குறிப்பது. அடிமைப்படுத்தும் கருவியின் பெயர் அது. தமிழ்ச் சொல்லாகிய கொத்தடிமை என்பதில் 'கொத்து' குலையைக் குறிப்பது. குடும்பமாய் அடிமைப்பட்டோரின் நிலையைக் காட்டுவது. ஆங்கிலம் ஓலையைச் சொல்கின்றது. தமிழ் ஆட்களைச் சொல்கின்றது. கடன்பட்டவன் தானோ தன் குடும்பத்தாரோ உழைத்தலையும், மரபால் வந்த கடப்பாட்டையும், முன்னோரிடமிருந்து வழிவழி இறங்கிய கடப்பாட்டையும் சட்டத்தின் வரையறை உட்படுத்துகின்றது. ஆகலின் ஓலையே இல்லாத மலை அடிமைத்தனமும் அதனுள் அடங்கும். 'பத்திரம் எங்கே?' என்று கேட்கும் அலுவலர் ஆங்கிலச் சொல்லில் மயங்குகின்றார். தமிழ்ச் சொல்லைக் கேட்டவர் அவ்வாறு கேளார். மூலத்தினும் பெயர்ப்பு பொருளாழம் உடையதாயிருத்தற்கு இஃது எடுத்துக்காட்டு.

இச்சட்டத்தின் 15 ஆம் பிரிவு, கடன் கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவன்மேல் வைக்கின்றது. திருவெண்ணெய்நல்லூர் அவையும் மெய்ப்பிக்கும் பொறுப்பை அடிமை கொள்ள வந்தவர்மேலேயே வைத்தது என்பதை நினைக.

4. கலங்கி நிற்கும் சொற்கள்

நற்சொல்லாக்கம் ஒன்றைக் கண்டோம். இனிக் குறையுடையனவற்றைக் காண்போம்.

முதலாவது, 'விசாரணை'. குற்ற நடைமுறைச் சட்டம் மூன்று செயல்களை வேறுபிரிக்கின்றது. காவல்துறை சான்று திரட்டுவது ஒன்று. நடுவர் உண்மை அறிய வினவுவது ஒன்று. மன்றம் குற்றத்தைத் தீர்மானிக்கும் பொருட்டு வழக்கை நடத்துவது ஒன்று. ஆங்கிலத்தில் இவற்றுக்கு மூன்று தனிப்பெயர்கள் உள. செய்தித்தாள் தமிழிலும் அலுவலகத் தமிழிலும் மூன்றும் பெரும்பாலும் விசாரணையே. 'புலனாய்வு' என்னும் நற்சொல் முதற்செயலுக்கு அமைந்துள்ளது. ஆனால் காவல் நிலையத்தின் வாயிலில் அது கேட்பதில்லை. 'விசாரணைக்காக அழைத்துச் சென்றனர்' என்னும் தொடரை ஆராய்க. அழைத்துச் செல்லப்பட்டவன் சான்று கூறச் சென்றானா, ஐயத்திற்கு உரியவனாய்ச் சென்றானா, கைது செய்யப்பட்டானா? தொடர் யாதும் சொல்லவில்லை. கைது செய்யப்பட்டவன் 24 மணி நேரத்துள் நடுவர்முன் நிறுத்தப்படல் வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்பு. 'விசாரணை' என்று மட்டும் சொல்லும்போது அக்காலக்கணக்கு எப்போது தொடங்கியது என்பது மறைகின்றது. சொல்லின் கலக்கம் உரிமையின் கலக்கமாய் முடிதல் காண்க.

இரண்டாவது, 'காவல்'. காவல் நிலையம், காவலில் வைத்தல், நீதிமன்றக் காவல், தடுப்புக்காவல் எனப் பல இடத்தும் இஃது ஒன்றே வருகின்றது. பழந்தமிழில் காத்தல் அருட்செயல்; கடவுளுக்கும் அரசனுக்கும் உரியது. இன்று ஒருவன் 'காவலில் இருக்கின்றான்' எனின், காக்கப்படுகின்றானா கட்டப்பட்டிருக்கின்றானா என்பது விளங்கவில்லை. போலீசாரின் பிடியில் இருத்தலும், மன்ற ஆணையால் சிறையில் இருத்தலும் பெரிதும் வேறானவை. இவ்விடத்தில் 'ரிமாண்டு' என்னும் கடன்சொல்லே பொதுமக்களுக்குத் தெளிவு தருகின்றது. 'ரிமாண்டு செய்துவிட்டார்கள்' என்றால் நடுவர் ஆணையிட்டுவிட்டார் என்பதைக் கல்லாதவரும் உணர்வர். தூய்மை ஒன்றே கருதி அதனை விலக்குவோர், வேறுபாடு காட்டும் மாற்றுச்சொல் தந்த பின்னரே விலக்குதல் வேண்டும்.

மூன்றாவது, 'குண்டர் சட்டம்'. இது 1982 ஆம் ஆண்டின் 14 ஆம் எண் தமிழ்நாட்டுச் சட்டத்திற்கு மக்கள் இட்ட பெயர். ஓராண்டு வரை மன்றத் தீர்ப்பின்றிச் சிறைவைக்க இடந்தரும் சட்டம் அது. சட்டத்தின் நீண்ட ஆங்கிலப் பெயரில் முதற்கண் நிற்போர் கள்ளச்சாராயம் விற்போரே. குண்டர் என்போர் அப்பட்டியலில் ஒரு வகையினரே. குறும்பெயர் பட்டியல் முழுவதையும் விழுங்கிவிட்டது. சாராயக் குற்றத்திற்காகத் தடுத்துவைக்கப்பட்டவனும் ஊரார் வாயில் குண்டன் ஆகின்றான். 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்று எழுதவேண்டிய இடத்தில் செய்தியாளர் 'குற்றவாளி' என்று எழுதுதலும் இவ்வினத்ததே. தீர்ப்புக்கு முன்னர்ச் சொல் தீர்ப்பளித்துவிடுகின்றது.

5. 2024 இன் சொற்கள்

2024 சூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அந்நிகழ்ச்சி இரு பெயர்களால் வழங்கப்பட்டது: கள்ளச்சாராயச் சாவு, விஷச்சாராயச் சாவு. இரண்டும் ஒருபொருட் பன்மொழி போலத் தோன்றினும், பொருளால் வேறானவை. 'கள்ள' என்னும் அடை உரிமம் இன்மையைக் குறிக்கும்; 'விஷ' என்னும் அடை உட்கிடையைக் குறிக்கும். முன்னது 1937 இன் மதுவிலக்குச் சட்டத்தை மீறிய குற்றம். பின்னது உயிர்க்கொலையைச் சார்ந்த குற்றம். கள்ளச்சாராயம் என்று சொல்லுங்கால் இறந்தவரும் குற்றத்தில் பங்காளி போல் தோன்றுவர். விஷச்சாராயம் என்று சொல்லுங்கால் அவர் நஞ்சூட்டப்பட்டவர் ஆவர். அடைமொழி ஒன்று, செத்தவரின் சட்டநிலையையே மாற்றவல்லதாய் இருக்கின்றது.

மேலும், மெத்தனால் என்பது தொழிற்சாலைகளில் பயன்படும் கரைப்பான். வெல்லமும் மரப்பட்டையும் ஊறவைத்துக் காய்ச்சும் மலைச்சாராயம் வேறு, இது வேறு. இரண்டையும் 'கள்ளச்சாராயம்' என்னும் ஒரு சொல்லுள் அடக்கியமையால், நகரில் நிகழ்ந்த சாவின் நிழல் கல்வராயன் மலைமேல் விழுந்தது. மலையில் காய்ச்சுதல் குற்றமன்று என்று நாம் கூறவில்லை. ஒரு குற்றத்தின் பெயர் வேறொரு குற்றத்தாரைச் சுட்டலாகாது என்றே கூறுகின்றோம். அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் இவ்வழக்கை நடுவண் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது.

அவ்வாண்டு சூலையில் அம்மன்றம் கல்வராயன் மலைமக்களின் நிலை குறித்துத் தாமாக முன்வந்து ஒரு வழக்கையும் எடுத்துக்கொண்டது. 'தாமாக முன்வந்து' என்னும் இத்தொடர் 'சூவோ மோட்டோ' என்னும் இலத்தீன் தொடரின் பெயர்ப்பு. வேரிலிருந்து செயற்கையாய் ஆக்கப்பட்ட சொல் ஒன்றும் இதில் இல்லை. மலையூர்ச் சிறுவனும் இதனை உணர்வான். நம் மூன்று அளவுகோல்களிலும் இது தேறுகின்றது. ஆயினும் இத்தொடர் தெளிவாய்ச் சொல்லும் செய்தி மகிழ்தற்குரியது அன்று. மன்றம் தானாக முன்வந்தது எனின், மக்கள் முன்வரவில்லை, வர இயலவில்லை என்பது அதன் மறுபுறம். தம்மைப் பற்றிய வழக்கில் அவர் வாதியும் அல்லர், பிரதிவாதியும் அல்லர். அவ்வழக்கு நடைபெறும் மொழியும் அவர்தம் மொழி அன்று.

இதே 2024 சூலை முதல் நாளில், 1860 இன் தண்டனைச் சட்டம், 1973 இன் குற்ற நடைமுறைச் சட்டம், 1872 இன் சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றன் இடத்தில் புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் பெயர்கள் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதிநியம் என்பன. ஆங்கிலம் நீங்கியது எனச் சிலர் மகிழ்ந்தனர். நம் அளவுகோலால் நோக்கின், பிறமொழியொலி ஒன்று போய் மற்றொன்று வந்தது. 'சாட்சியச் சட்டம்' என்றால் கள்ளக்குறிச்சிச் சந்தையிலும் பொருள் விளங்கும். 'சாக்ஷிய அதிநியம்' என்றால் விளங்காது. வடமொழிக் கருத்தைத் தமிழ்ச் சொல்லால் தந்த சேக்கிழாரின் நெறிக்கு இஃது எதிர்நெறி.

6. ஒரு தடையும் விடையும்

சேக்கிழார் பாடியது இறைவன் திருவிளையாடல். அதில் தோற்றவர் தோல்வியால் உய்ந்தார். அதனை மன்ற நடைமுறைக்கு அளவையாக்குதல் பொருந்துமா எனச் சிலர் வினவலாம். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. அவ்வவை இறுதியில் அடிமைமுறியைச் செல்லும் என்று தீர்த்தது. பாட்டன் எழுத்தால் பேரன் அடிமையாதல் இன்றைய சட்டத்தில் செல்லாது. நம்பிக்கு அடிமை என்பது அருளாயிற்று. சாகிரில் ஏவல் செய்தோர்க்கு அது பசியே ஆயிற்று. இரண்டையும் ஒன்றாக்கின் புராணத்தையும் பிழைபடப் படித்தவர் ஆவோம். மலைமக்களின் துயரையும் எளிதாக்கியவர் ஆவோம்.

ஆகவே நாம் கொள்வது முடிவை அன்று, முறையை. அவ்வவையில் நம்பி தம்மேல் சாட்டப்பட்டது இன்னதென அறிந்தார். எவ்வோலையின்மேல் என அறிந்தார். மூலமும் படியும் வேறு என அறிந்தார். பாட்டனார் கையெழுத்தைத் தாமே ஒத்துநோக்க வாய்ப்புப் பெற்றார். தோற்றபோதும், எதனால் தோற்றோம் என்பதை அறிந்தே தோற்றார். கரியாலூர்க் காவல் நிலையத்திலிருந்து கள்ளக்குறிச்சி மன்றம் வரை கொண்டுசெல்லப்படும் மலையாளி ஒருவன் இவற்றுள் எத்துணையை அறிவான் என்பதே நாம் எழுப்பும் வினா. கடவுளே வழக்காடிய கதையிலும் சேக்கிழார் இம்முறையைத் தளர்த்தவில்லை. மனிதர் வழக்காடும் மன்றத்தில் அதனைத் தளர்த்த நமக்கு உரிமை ஏது?

முடிவுரை

இவ்வாராய்ச்சியால் பெறப்படுவன: சட்டச் சொல்லாக்கத்தில் தூய்மையைக் காட்டிலும் வேறுபாடு காத்தல் முதன்மையானது. சட்டம் மூன்றாய்ப் பகுத்ததைத் தமிழ் ஒன்றாய்க் குழைத்தல் ஆகாது. புலனாய்வு, வினவல், வழக்கு நடத்தல் என்பவற்றைப் பிரித்தே வழங்குதல் வேண்டும். மக்கள் நாவில் தெளிவாய் ஊன்றிய கடன்சொல்லை, அதனினும் தெளிந்த சொல் கிடைக்கும்வரை விலக்குதல் வேண்டா. கொத்தடிமை, தாமாக முன்வந்து என்பன போல, மக்கள் வழக்கிலிருந்து எழுந்த ஆக்கங்களே நிலைக்கும்.

இப்பணி சட்டத்துறையார்க்கு மட்டும் உரியதன்று. முதுகலை மாணவர் பலர் கல்வெட்டுச் சொற்களை ஆராய்கின்றனர், அது வேண்டுவதே. அவருட் சிலரேனும் காவல் நிலையத்து முதல் தகவல் அறிக்கைகளின் தமிழையும், கீழ்மன்றத் தீர்ப்புகளின் தமிழையும், மலையூர்களில் வழக்குப் பேசும் தமிழையும் தொகுத்து ஒப்பிடுவாராயின், எச்சொல் எங்கே அறுபடுகின்றது என்பது புலனாகும். அறுபட்ட இடம் தெரிந்தால்தான் இணைக்க இயலும். அதுவரை கல்வராயன் மலைமக்களின் வழக்கு பிறர் மொழியிலேயே நடைபெறும். அவர் அதனை வென்றாலும் தோற்றாலும், பிறர் சொல்லக் கேட்டே அறிவர்.